ஒன்பதாம் வகுப்பில் உங்கள் குரல்

டீச்சர்,

ஒன்பதாம் வகுப்பு வராந்தாவைக் கடக்கும்போது இன்னும் என் கால் தானாகத் தயங்குகிறது. இன்றும் தயங்கியது. உள்ளே ஒரு பெண் குரல் மண்புழுவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. எந்த ஊர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாத, துடைத்து வைத்த மாதிரியான குரல். உங்களுடையது இல்லை என்று உறுதியான பிறகுதான் நடந்தேன்.

ஆடி மாதத்தில் இதே இடத்தில் நான் கேட்டது உங்கள் குரலை. மே மாத விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள், அப்படியே போய்விட்டீர்கள். உங்கள் பெட்டியின் மேல் நானும் ஒரு கைப்பிடி மண் போட்டிருந்தேன். அதன் பிறகு ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டு வரும் வழியில், "இங்க கவனிங்க சாமி" என்று நீங்கள் சொன்னீர்கள். டப்பா கையிலிருந்து விழுந்தது. அதற்கு முன்னால் ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு கணத்தை நினைத்தால்தான் இப்போதும் கோபம் வருகிறது.

உங்கள் பெயரை இதில் எழுதவில்லை. கைப்பேசியிலும் எழுதவில்லை. பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதுகிறேன். ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். நம் இருவரில் முதலில் சந்தேகப்பட ஆரம்பித்தது நீங்கள்தானே.

நீங்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து பஸ் மாறி வருவீர்கள், நான் வெண்ணந்தூரிலிருந்து. நீங்கள் உயிரியல், நான் கணக்கு. ராசிபுரம் போகும் சாலையில் பள்ளிக்கூடம். சாயங்காலம் உங்களுக்குச் சேலம் போகும் பக்கம் நிற்க வேண்டும், எனக்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே புளியமரத்தடியில்தான் நிற்போம். உங்கள் பஸ் வரும்போது என் பேச்சு முடிந்திருக்காது, என் பஸ் வரும்போது உங்கள் பேச்சு. "அடுத்ததுல போயிக்கலாம்" என்று விட்டுவிட்டு நின்ற பஸ்கள்தாம் நம் சிநேகிதம் என்று தோன்றுகிறது. வயதில் எனக்குப் பெரியவர் நீங்கள். ஆனாலும் கடைசிவரை ஒருவரையொருவர் டீச்சர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

வகுப்பறைகளில் பெரிய திரையும் அதன் தலையில் ஒரு கேமராவும் வந்த வருடம் நினைவிருக்கிறதா? ஆசிரியர்கள் எல்லோரையும் கூட்டிவைத்து, அவற்றைப் பொருத்திய நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் பேசினார். நல்ல பையன். சத்தமே வராத செருப்பு. பாடம் நடத்துவதெல்லாம் பதிவாகும், லீவு போடும் பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்றார். நீங்கள் எழுந்து கேட்டீர்கள்.

"புள்ளைங்க லீவு போட்டா சரி தம்பி. நான் லீவு போட்டா?"

அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குப் புளியமரத்தடியில் நீங்கள் சிரிக்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர், அவன் சிரிச்சான். பதில் சொல்லல."

"உங்களுக்கு எதுலயும் சந்தேகந்தானுங்க," என்றேன்.

"சந்தேகம் இல்ல. எனக்கு உதவின்னு ஒரு பொருளக் கொண்டுவராங்க. எனக்கு என்ன உதவி வேணும்னு ஒருத்தரும் வந்து கேக்கல. அதான் யோசிக்கறேன்."

நான் அவ்வளவு யோசிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், வினாத்தாளும் தயாரித்துத் தரும் அந்த இயந்திரத்தால் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது. முன்பு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்ற வினாத்தாள், டீ ஆறுவதற்குள் வந்து நின்றது. இப்போதும் அதை நான் பயன்படுத்துகிறேன். அதனால்தான் என் சந்தேகம் உங்களுடையதைப் போலச் சுத்தமாக இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது உங்கள் இடத்துக்கு ஆள் வரவில்லை. கேட்டால், "பாத்துட்டு இருக்கோமுங்க" என்றார்கள். பதினோராம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் வேறொரு சாருக்குக் கொடுத்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் மட்டும் ஒரு நாற்காலியில் அலுவலகத்துப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் திரையைப் போடுவாள், மணி அடித்ததும் அணைப்பாள். பழைய பதிவுகளை ஓட்டுகிறார்கள் என்று நினைத்தேன். அதுவே சங்கடமாகத்தான் இருந்தது.

டப்பாவைக் கீழே போட்ட அன்று ஜன்னலோரம் நின்று கவனித்தேன். பதிவு இல்லை அது. கனிஷ்கா என்ற பெண் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். உங்கள் குரல் அவளுக்குப் பதில் சொன்னது. நீங்கள் உயிரோடிருந்தபோது கேட்கப்படாத கேள்விக்கு, நீங்கள் ஒருபோதும் சொல்லாத பதில். ஒரு திக்கல் இல்லை, இருமல் இல்லை. மூன்று வாக்கியத்துக்கு ஒருதரம் "சாமி." எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் பழகித்தான் அந்தச் சொல் உங்கள் வாயில் ஒட்டியது. அழுகிற பிள்ளையிடமோ, மார்க் குறைந்து தலையைத் தொங்கப் போட்டிருக்கும் பிள்ளையிடமோ மட்டும் அதைச் சொல்வீர்கள். மொத்த வகுப்பையும் பார்த்து நீங்கள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வகுப்பு முடிந்ததும் கனிஷ்காவை நிறுத்திக் கேட்டேன்.

"எப்படியிருக்குது பாடம்?"

"நல்லாப் புரியுதுங்க மிஸ்." பிறகு பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "ஆனா அது டீச்சர் இல்லீங்க மிஸ்."

"எப்படிச் சொல்ற?"

"எட்டாவதுல டீச்சர் முக்கியமானதெல்லாம் திரைய அணைச்சு, கேமரா மேல துண்டப் போட்டு மூடிட்டுத்தானுங்க சொல்லுவாங்க. அதெல்லாம் இதுக்குத் தெரியலீங்க."

எனக்குத் தெரியாது டீச்சர். இத்தனை பஸ்களை விட்டுவிட்டுப் பேசிய என்னிடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை. என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். வயதுக்கு வந்த பிறகு உடம்பில் நடப்பது, வீட்டுக்குள் யாராவது தப்பாகத் தொட்டால் யாரிடம் போவது, தறிப் பட்டறையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று மெதுவாக அடுக்கினாள். கடைசியில், "உங்ககிட்டச் சொல்லலாமுங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்ட பிறகு கேட்டாள். பிள்ளைக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

தாளாளர் அறைக்குப் போனேன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளை வடமாநிலங்களில் ஓட்டிச் சம்பாதித்துப் பள்ளிக்கூடம் கட்டியவர், உங்களுக்குத் தெரியும். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். உங்கள் அடக்கத்தில் கடைசிவரை நின்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கண்ணீரையும் நான் நம்பினேன். அதுதான் எனக்கு இன்னும் குழப்பம்.

"ஒன்பதாவதுக்குப் பயாலஜி ஆள் எப்பங்க வருவாங்க?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரி.

"ஏனுங்க, அதான் டீச்சர் இருக்கறாங்களே."

அவரே தொடர்ந்தார். "ஓடற வண்டிக்கு எதுக்குங்க இன்னொரு டிரைவர்? புள்ளைங்களுக்கும் பழகின குரல். அவங்க ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டுத்தானுங்க செஞ்சோம்."

அந்த வார்த்தை என்னைத் தைத்தது. அடுத்த ஞாயிறு அயோத்தியாப்பட்டணத்துக்குப் பஸ் ஏறியபோது உங்கள் வீட்டுக்காரர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். என்ன கொடுத்தார்கள், எதற்குத் தலையாட்டினார் என்று வழியெல்லாம் கேள்வி. மன்னியுங்கள்.

உங்கள் வீட்டுக்கார அண்ணன் பூசை முடிந்து வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறைச் சத்தத்தில் மந்தமான காது, இப்போது இன்னும் மந்தம். நான் உரக்கக் கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை.

"வந்தாங்கம்மா. அவ நடத்துன பாடத்தைப் போட்டுக் காட்டறோம்னாங்க. புள்ளைங்களுக்கு ஒதவும்னாங்க. போடுங்க, அவ கொரலு எங்கயாவது இருக்கட்டும்னு சொன்னேன்."

"பாடத்த மட்டும் போடலீங்கண்ணா. அவங்க கொரல்லயே புதுசு புதுசாப் பேசுதுங்க. கேட்டா பதில் சொல்லுது."

அவருக்குப் புரியவில்லை. கைப்பேசியில் பள்ளிச் செயலியைத் திறந்து, சத்தத்தை முழுவதும் கூட்டி அவர் பக்கம் நீட்டினேன். வணக்கம் சொன்னீர்கள். அண்ணனின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இதைக் காட்டியிருக்கவே கூடாதோ என்று தோன்றியது. அவர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, சமையலறையில் இருக்கும் ஆளிடம் கேட்பது போல, வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"சாப்ட்டியா?"

உங்கள் குரல் கொஞ்சமும் தயங்கவில்லை. "அருமையான கேள்வி சாமி. உணவு செரிமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?"

அவர் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார். எழுந்து உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து, "எனக்குப் பேச வராதும்மா. நீயும் கூட வா," என்றார்.

திங்கட்கிழமை வந்தார். உங்கள் திருமண நாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டை என்று நினைக்கிறேன். தாளாளர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அண்ணன் உட்காரவில்லை.

"அவ பேசுனதப் போடுங்க சார். எத்தினி வருஷம் வேணாலும் போடுங்க. அவ பேசாதத அவ வாயில வெக்காதீங்க."

தாளாளர் ஏதேதோ சொல்ல வந்தார். ஊர் பெருமை, பிள்ளைகளின் பிரியம், உங்கள் பெயர் நிலைப்பது. அண்ணனுக்குப் பாதி கேட்டிருக்காது. கேட்காதது நல்லதாகப் போயிற்று. அவர் அதே வார்த்தைகளை, அதே குரலில், திரும்பச் சொன்னார். அந்த வாரத்துக்குள் உங்கள் குரலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே எடுத்தார்கள், எதில் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வேறு ஏதோ ஊரில், நாம் போகாத ஒரு பள்ளியில், நீங்கள் இப்போதும் யாரையாவது சாமி என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம். நான் கேட்டபோது அந்த இளைஞர் சிரித்தார். பதில் சொல்லவில்லை.

ஒன்பதாம் வகுப்புக்கு வேறு குரல் வந்தது, ஆள் வரவில்லை. இயற்பியல் எடுத்த இளம் சார் அந்த நிறுவனத்துக்கே கேள்வி எழுதிக்கொடுக்கப் போய்விட்டார். என் மகள் பி.எட். சேரட்டுமா என்று கேட்கிறாள். அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. யாராவது வந்து, "உங்க கிளாஸு ரொம்ப நல்லாருக்குதுங்க டீச்சர்" என்றால், என்னிடமிருந்து எதை எடுக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. பாராட்டைக் கேட்டு மகிழ முடியாத ஒரு வேலையாக இது மாறிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கடைசி மணி நேரத்தை நான் கேட்டு வாங்கியிருக்கிறேன். கணக்குப் பயிற்சி என்று பெயர். திரையை அணைத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களோடு நீங்கள் மூடிவைத்துப் பேசியதைப் பேசுகிறேன். உங்கள் அளவுக்கு வராது. அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

கல்லறைத் திருநாளன்று வந்திருந்தேன். மெழுகுவத்தியும் கூட்டமுமாக இருந்ததால் எதையும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த எழுத்து. இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கூட்டமோ, மேலதிகாரி வருகையோ, யாராவது "பிள்ளைகளின் நன்மைக்காக" என்று தொடங்கினால் நீங்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, "எந்தப் புள்ள? பேரு சொல்லுங்க" என்பீர்கள். விதண்டாவாதம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பெயர் தெரியாத பிள்ளைக்கு யாரும் நன்மை செய்துவிட முடியாது என்று மரத்தடியில் என்னிடம் சொல்வீர்கள்.

போன வாரம் மீண்டும் கூட்டம். அடுத்த வருடத்திலிருந்து கணக்கும் திரையில்தானாம். என் பாடங்களைத் தனியாக உட்கார்ந்து பதிவு செய்து தர வேண்டுமாம். என் குரல் தெளிவாக இருக்கிறதாம். அதே இளைஞர், இப்போது சற்று உடம்பு போட்டிருக்கிறார். "எல்லாம் பிள்ளைகளோட நன்மைக்காகத்தான் மேடம்" என்றார்.

இன்னும் சில வருட வேலை பாக்கி இருக்கிறது, அது போனாலும் போகலாம். எழுந்து நின்றேன்.

"எந்தப் புள்ளைங்க தம்பி? பேரு சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. தாளாளர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் மடிக்கணினியைத் திறந்து தேட ஆரம்பித்தார். நான் உட்காரவில்லை. அவர் தேடி முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன், டீச்சர்.