நான் மூடிய கட்டங்கள்

1909 ஆகஸ்டு 12, வியாழன்

தேக்கா சந்தையில் என் பழைய மாணவன் காசிமைப் பார்த்தேன். கம்பவுண்டராக ஆசைப்பட்டவன், இப்போது துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி.

"ரசாயனப் பரீட்சையில கோட்டை விட்டுட்டேன் வாத்தியாரய்யா. நம்ம மண்டைக்கு அது ஏறல" என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன்.

தவறு அவனுடையதன்று. தனிம அட்டவணையில் இருந்த காலிக் கட்டங்களை அச்சுப்பிழை என்று சொல்லி, இடம் விடாமல் நெருக்கி எழுத வைத்தவன் நான். அவை இன்னும் கண்டுபிடிக்கப்படாத தனிமங்களுக்கு விட்ட இடங்கள். வரவேண்டியவருக்குப் பந்தியில் இலை போட்டு வைப்பதுபோல. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு புத்தகத்தில் படித்தேன். காசிம் நான் சொன்னபடியே பரீட்சையில் எழுதினான். எல்லாம் இடம் மாறிப்போயின.

பிழை செய்தவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்பது என் வகுப்பின் சட்டம். இன்று அவன் வாங்கிக் கொடுத்த கோப்பியைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன்.