கன்னத்து மங்கு

என்னவருக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம். பயப்படாதீர்கள், நீங்கள் அனுப்பிய சிவப்பழகு கிரீமைப் பற்றித்தான்.

என் கன்னத்து மங்கு பேக்கரி அடுப்புச் சூட்டால் வந்தது என்றுதானே நினைத்தோம்? தடவும் முன் தோல் டாக்டரிடம் காட்டினேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள என்ன சேர்த்திருக்காங்கன்னே போடல. தொடவே தொடாதீங்க."

"அப்போ ஆபத்தில்லாம கலர் குடுக்கிறதா ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றேன்.

பேனாவைத் திறந்தவர், "நாள் தள்ளிப் போயிருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்ததும் நின்றுவிட்டது.

பரிசோதனை முடிவைப் பார்த்துப் பேனாவை மூடிவிட்டார். "இப்போ கிரீம் எதுவும் வேண்டாம்மா. வெயில்ல குடை பிடிங்க. பிள்ளை பெத்த பிறகு பெரும்பாலும் தானாவே குறையும்."

போன தடவை அவசரப்பட்டு எல்லோரிடமும் சொல்லிவிட்டோம். பிறகு ஆறுதல் கேட்டே ஓய்ந்துபோனோம். அதனால் உங்கள் அம்மா கேட்டால், கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் கண்ணாடியில்தான் கண் விழிக்கிறேன். மங்கு கொஞ்சம் வெளுத்தாற்போல் தெரிந்தாலும் நெஞ்சு பதறுகிறது.

உங்கள்
கறுப்பி