தேரோட்டத்தில் பறிமுதலான மைக் செட்டைத் திரும்பக் கேட்டு

அனுப்புநர்:
சோ. வேலுத்தாய்,
க/பெ. காலஞ்சென்ற சோணைமுத்து,
கீழத் தெரு, செட்டியார்பட்டி,
ராஜபாளையம் வட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
விருதுநகர்.

பொருள்: ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று எடுத்துச் செல்லப்பட்ட மைக் செட்டைத் திருப்பித் தரவும், மூளை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களுக்கான எச்சரிக்கையை மைக்கில் சொல்ல அனுமதி வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் சோணைமுத்து ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் மைக்கில் விளம்பரம் சொல்லி வந்தவர். புதுப்படம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன எருமை எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியும். அவருக்குப் படிக்க வரும், எழுத வராது. ஐந்தாவது வரை படித்த நான்தான் அட்டையில் எழுதிக் கொடுப்பேன். ஆகவே இந்த மனு விளம்பரம் மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. சென்ற தை மாதம் மதுரையில் அவருக்கு மூளைக்கட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பி ஒரு சீட்டும் கொடுத்தார்கள். இங்கிலீஷில் இருந்தது. நல்ல சேதிக் காகிதம் என்று, கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, இருளப்பசாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். படித்துச் சொல்லும்படி யாரிடமும் கொடுக்கவில்லை. அது என் தப்பு.

3. என் கணவர் எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவார். குடிகாரனாகப் பேசுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலை, பார்க்க வந்தவர்கள் நிறைந்திருக்கையில், காப்பி கேட்டார். நாக்கு குழறியது. பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய், "ஏட்டி, மாமா ஆரம்பிச்சிட்டாருடி" என்றாள். "குடிக்காமலே இம்புட்டு ஆட்டமா" என்று நான்தான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தேன். நாங்கள் சிரிக்கவும் அவரும் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது. வலது கையிலிருந்து டம்ளர் நழுவியபோது நாங்கள் கை தட்டினோம், ஐயா.

4. சாயங்காலம்தான் பயந்து மதுரைக்குக் கொண்டு போனோம். ஆபரேஷனுக்குப் பின் சிலருக்கு மூளையில் ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் போகாமல் நின்றுவிடும் என்றும், பேச்சு குழறிய உடனே வந்திருந்தால் போராடிப் பார்த்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காம் நாள் காலமானார். பதினாறாம் நாள் முடிந்து மில் கிளார்க் மாரிச்சாமி அந்தச் சீட்டைப் படித்தார். பேச்சு குழறினால், கைகால் தளர்ந்தால் தாமதிக்காமல் வரவும் என்று மஞ்சளுக்கு நடுவில் தெளிவாக எழுதியிருந்தது. டாக்டர்கள் மேல் எனக்குப் புகார் இல்லை.

5. அதன் பிறகு அவருடைய மைக்கை நான் பிடித்தேன். அவருக்கு ரிக்ஷா மிதித்த அகமது கபீர் அண்ணன் எனக்கும் மிதித்தார். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன்: "தலையில ஆபரேஷன் பண்ணி வந்தவுகளே, கூட இருக்கிறவுகளே! பேச்சு குழறுதா? வாய் கோணுதா? சிரிக்காதீக, வண்டியப் பிடிங்க! ரெண்டு கையையும் மேல தூக்குங்க. ஒரு கை தன்னால இறங்குதா பாருங்க!"

6. தேர்வடம் பிடித்திருந்தவர்கள் காதிலும் அது விழும் என்று நான் யோசிக்கவில்லை. அத்தனை பேரும் வடத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள். தேர் நின்றுவிட்டது. எதற்கு என்று தெரியாமல் பின்னால் இருந்தவர்களும் தூக்கி, கோவிந்தா போட்டார்கள். காவலுக்கு வந்த ஏட்டையாவும் தூக்கியதைக் கபீர் அண்ணன் பார்த்திருக்கிறார். கையை இறக்கிய பிறகுதான் ஏட்டையா மைக் செட்டை எடுத்துப் போனார். என் கணவர் இருந்திருந்தால் இதை ஒரு வருசம் சொல்லிச் சிரித்திருப்பார்.

7. தேரை நிறுத்தியது குற்றம்தான். ஆனால் கான்சாபுரம் பரிபூரணம் அன்று கூட்டத்தில் நின்றவர். அவருடைய அண்ணன் காளிராஜ் மூளை ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தார். தேர் முடிந்த இரண்டாம் நாள் அவருக்குப் பேச்சு குழறவே, அரை மணியில் வண்டி ஏற்றிவிட்டார்கள். ரத்தக்குழாய்தான் என்று உடனே வைத்தியம் நடந்தது. இப்போது எழுந்து நடக்கிறார். சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறாராம். பரிபூரணத்தின் கைரேகை இத்துடன் இணைத்துள்ளேன்.

8. ஸ்டேஷனில் ஐந்து தடவை கேட்டும், மேலிடத்து உத்தரவு இல்லாமல் மைக் செட்டைத் தர முடியாது என்கிறார்கள். எனவே அதைத் திருப்பித் தரவும், சந்தை நாட்களிலும் பஸ் நிலையங்களிலும் இந்த எச்சரிக்கையைச் சொல்ல எனக்கு அனுமதி தரவும், ஆபரேஷன் சீட்டில் இந்த நாலு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யவும் வேண்டுகிறேன். தேர் ஓடும்போது வாயே திறக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். நான் அன்று சிரித்த சிரிப்பை இன்னொருத்தி சிரிக்கக் கூடாது, அம்புட்டுதான்.

உத்தரவு போடுமுன் தாங்களும் ஒரு தடவை இரண்டு கையையும் தூக்கிப் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செட்டியார்பட்டி
நாள்: 23.8.1993

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்
சோ. வேலுத்தாய்