இன்சூரன்ஸ் அட்டையும் அம்மாவின் ஆஸ்பத்திரி ஆசையும்

அன்புள்ள கண்ணுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் பக்கத்து அறையில் அம்மா காதில் விழும், எனக்கும் எழுதினால்தான் கோர்வையாக வரும். சொல்ல வந்தவை:

1. இன்சூரன்ஸைப் புதுப்பிப்பது
2. அட்டை வந்தபின் அம்மாவின் போக்கு
3. என் யோசனை
4. உன் முதுகுவலி

முதலாவது, நீ எங்களுக்காகக் கட்டிவரும் இன்சூரன்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இப்போதுபோல் முழுச் செலவையும் கம்பெனியே கொடுக்காமல், வைத்தியச் செலவில் ஒரு பங்கை நாங்களே கொடுக்கிற, தவணை குறைந்த திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டு, முடிவை என்னிடம் விட்டாய். என்னிடம் விட்டது சரியா என்று எனக்கே சந்தேகம், இருந்தாலும் யோசித்தேன். இரண்டாவது, அட்டை வருவதற்கு முன் உன் அம்மா ஆஸ்பத்திரி வாசலை மிதித்தவள் இல்லை, காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை ஒரு போர்வை, அதோடு சரி. வந்தபின் முழங்காலுக்கு ஒரு முறை, தோல் அரிப்புக்கு ஒரு முறை. போன மாதம் காய்ச்சலுக்கு உள்ளே சேர்த்தோமே, அதிலிருந்து மறுபடி சேர்த்துவிடுங்கள் என்று நச்சரிக்கிறாள். என்ன செய்கிறது என்று கேட்டால் "ஒண்ணுமில்லைங்க, அங்க நல்லா தூக்கம் வருது" என்கிறாள். நான் மறுத்தேன். அந்தக் கோபத்தில் கட்டிலுக்கு வராமல் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிறாள். எதிர்வீட்டு போஸ்ட்மாஸ்டரும் இப்படித்தான், சாதாரண இருமலுக்கு அட்மிட் ஆகிவிட்டு வந்து "சார், ஓட்டல்ல ரூம் போட்டா காசு, இங்க போட்டா கார்டு" என்று சிரிக்கிறார். விலை குறைந்தால் தேவை கூடும் என்று கல்லூரியில் இத்தனை வருடம் பாடம் நடத்தினேன், அது என் வீட்டிலேயே நடக்கிறது. ஆகவே மூன்றாவது, புதுத் திட்டத்துக்கே மாற்றிவிடு. கையிலிருந்து கொஞ்சம் காசு போனால் கால் தானாக நிற்கும்.

மேலே உள்ளது வீட்டில் எழுதியது. இது ஆஸ்பத்திரி வராந்தா. சற்றுமுன் உன்னிடம் போனில் பாதிதான் சொன்னேன். வீட்டில் எழுதுவதை நிறுத்தி நான் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, யாருக்கு எழுதுகிறீர்கள் என்று அம்மா கேட்டாள், எனக்கு மறைக்கத் தெரியவில்லை, திட்டத்தை மாற்றப்போவதைச் சொன்னேன். "மாத்திக்கச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை என்னைச் சேர்த்துடுங்க" என்றாள். ஏன் என்று திருப்பித் திருப்பிக் கேட்டபிறகு "படுத்தா மூச்சு முட்டுதுங்க. அங்க கட்டிலைத் தலைப்பக்கம் தூக்கி வைப்பாங்க" என்றாள். காய்ச்சல் விட்டதிலிருந்தே இப்படியாம். சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். "சொன்னா புரொபசர் விலை, தேவைன்னு ஆரம்பிச்சிடுவீங்க" என்றாள். அப்போதுதான் அவள் காலைப் பார்த்தேன், செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது. போஸ்ட்மாஸ்டர்தான் காரை எடுத்தார்.

இதயம் பலவீனமாகிவிட்டது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நாளை வரை எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். போனில் நீ "ஏம்ப்பா இத்தனை நாள் விட்டீங்க?" என்று கேட்டபோது சரியாகக் கேட்கவில்லை என்று சொன்னேன், கேட்டது. போஸ்ட்மாஸ்டர் டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், சர்க்கரை போட்டிருந்ததா என்று தெரியவில்லை. அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை. எதிர்ச்சுவரில் பெயின்ட் உரிந்திருக்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் இதை முடிக்க உட்கார்ந்தேன்.

நான்காவது, உன் முதுகுவலி. அங்கே உனக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் பார்க்காமல் டாக்டரிடம் காட்டு. மாப்பிள்ளையிடமும் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே, மூன்றாவதை விட்டுவிடு, பழைய திட்டமே இருக்கட்டும்.

மேலே இரண்டாவதாக எழுதியது போஸ்ட்மாஸ்டர் விஷயத்தில் சரியாக இருக்கலாம். உன் அம்மா விஷயத்தில் தவறு. அதைக் கோடு போட்டு அடித்துவிட நினைத்தேன், நீ படிக்கட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா