ஆவேசம் என்று நீ சொன்னது

இன்று காலை வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டிருந்தேன். பனிக்காலத்துக் காய்ந்த முடியில் பிளாஸ்டிக் சீப்பு படபடவென்று பொரிந்தது. சீப்பைத் தூக்கினால் நாலைந்து முடி அதன் பின்னாலேயே எழுந்து நின்றது. திருப்பதியில் இத்தனை வருடமாகப் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன், அதை மின்னூட்டம் என்று சொல்ல எனக்குத் தெரியாதா? ஆனால் வாயில் வந்தது 'ஆவேசம்'. கூடவே உன்மேல் எரிச்சலும் வந்தது.

ஆந்திர எல்லையில் இருக்கும் நம் ஊர் நகரியில் நாம் இருவரும் தமிழ் மீடியம், ஒன்பதாம் வகுப்பு. பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற இன்டர் பிள்ளைகள் படித்துவிட்டுப் போட்ட தெலுங்கு இயற்பியல் புத்தகம் ஒன்றைப் பழைய பேப்பர் கடையில் பொறுக்கி வந்து, எழுத்துக் கூட்டி நீயாகவே படித்துக்கொண்டிருந்தாய். தெலுங்கில் மின்னூட்டத்துக்கு ஆவேசம் என்று பெயர். உனக்கு அது தெரியாது. மதிய இடைவேளையில் ஓடிவந்து, "எலக்ட்ரான் மேல ஆவேசம் ஏறிக்கினு கீதுடி!" என்றாய்.

"கூழு ஊத்தும்போது உங்க அத்தைக்கு வருமே, அதுவா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. முதல் ரேங்க் வாங்குகிறவள் அல்லவா, மின்னூட்டம் என்று திருத்தியும் வைத்தேன்.

நீ அசரவே இல்லை. "பேர வுடுடி. ஆவேசம் வந்தா இன்னா பண்ணும்னு பக்கம் பக்கமா எழுதிக்கீறாங்க. ஆவேசம்னா இன்னான்னு ஒருத்தரும் எழுதல. ஏன்?"

அந்தச் சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை. அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல்தான் எனக்கு.

பத்து முடிந்ததும் என்னைத் திருப்பதியில் ஹாஸ்டல் காலேஜில் சேர்த்தார்கள். நீ ஊரிலேயே தங்கிவிட்டாய். லீவுக்கு வந்து இறங்கிய என்னை ஸ்டேஷன் பெஞ்சிலேயே பிடித்து உட்காரவைத்தாய், பையைக்கூட இறக்கவிடவில்லை.

"எலக்ட்ரான் தம்மாத்தூண்டு. புரோட்டான் எம்மாங் கனம். ரெண்டும் வேற வேற ரகம். ஆவேசம் மட்டும் எப்டிடி தராசுல நிறுத்தாப்ல சமமா கீது? கொஞ்சம் ஏறி எறங்கிட்டிருந்தா நீயும் நானும் இங்க ஒக்காந்துகினு இருப்பமா?"

திருப்பதி திரும்பியதும் லெக்சரரிடம் கேட்டேன். "எக்ஸாம்லோ ராதம்மா, வதிலேய்" என்றார். தேர்வில் வராதாம், விட்டுவிட வேண்டுமாம். எனக்கு நிம்மதியாகவே இருந்தது. போனில் உன்னிடம் அப்படியே சொன்னேன்.

"எக்ஸாம்ல ராதாமா? அப்ப நல்ல கேள்விதான்" என்று சிரித்தாய்.

அந்த மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அழுதேன், மனசு விட்டுத்தான் அழுதேன்.

பிறகு எம்.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு நாள் பேராசிரியர் வகுப்பைப் பார்த்து, எலக்ட்ரானின் மின்னூட்டமும் புரோட்டானின் மின்னூட்டமும் ஏன் அளவில் இம்மி பிசகாமல் சமம் என்று கேட்டார். பெரிய பெரிய மூளைகள் மோதிப் பார்க்கிற கேள்வி, முடிவான விடை இன்னும் இல்லை என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. செத்துப்போனவள்மேல் பொறாமைப்படுகிறவள் உண்டா? நான் இருக்கிறேன். இவ்வளவு படித்தும் எனக்கென்று அப்படி ஒரு கேள்வி இன்றுவரை வரவில்லை. கையில் இருப்பது உன்னுடையதுதான். வருடா வருடம் வகுப்பில் அதைக் கேட்கிறேன். என் சிநேகிதி கேட்டது என்று சொல்லவும் சொல்கிறேன், வயிறு எரிந்துகொண்டே.

என்றைக்காவது யாராவது விடை கண்டுபிடித்துவிடுவார்கள். நான் இருந்தால் படித்துப் புரிந்துகொள்வேன், உனக்கு அது கிடைக்காது. அந்த ஒன்றிலாவது நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவாய் என்று இன்று பஸ்ஸில் வரும்போது நினைத்துப் பார்த்தேன். கொஞ்சம்கூடச் சந்தோஷமாக இல்லையடி. விடை தெரிந்தால் நான் போய் யாரிடம் சொல்வது?