மூன்றாவது மேசையில் இருந்தது வெங்காயம் அல்ல

அனுப்புநர்
ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவு, வரிசை எண் 23 மாணவியின் தாய்,
இரத்தப் பரிசோதனைக் கூடத் தொழில்நுட்பநர்,
பள்ளியின் பின்வாசலுக்கு எதிர்த் தெரு.
(பெயர்களும் கதவு எண்ணும் மூடிய உறையில் தனியே வைக்கப்பட்டுள்ளன. என் மகள் இன்னும் அதே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.)

பெறுநர்
கல்வி அலுவலர் அவர்கள்,
பள்ளிக் கல்வி அலுவலகம்.

பொருள்: அறிவியல் செய்முறைத் தேர்வில் நுண்ணோக்கி வழியே பார்த்து விடை எழுதிய மாணவிக்குப் பூஜ்யம் அளித்து, பார்த்த குற்றத்துக்காக மேலும் எட்டு மதிப்பெண் குறைத்தது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பதினேழு ஆண்டுகளாக நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து வேலை செய்பவள். நாளொன்றுக்கு நாற்பது ஸ்லைடுகளாவது பார்க்கிறேன். பார்க்காமல் ஒரு வரி எழுதினால் அதை நம்பி யாரோ ஒருவர் தவறான மருந்தை விழுங்குவார் என்பது எனக்குத் தெரியும். இந்த மனுவையும் அதே கவனத்தோடுதான் எழுதுகிறேன். நேரில் பார்த்ததைப் பார்த்தேன் என்றும், கேட்டதைக் கேட்டேன் என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

2. சென்ற மாதம் ஒன்பதாம் தேதி 'இ' பிரிவு மாணவர்கள் நாற்பத்திரண்டு பேருக்குச் செய்முறைத் தேர்வு நடந்தது. ஐந்து மேசைகள், மேசைக்கு நான்கு மதிப்பெண், மொத்தம் இருபது. முதல் மேசையில் ஓர் இலை, இரண்டாவதில் ஓர் எலும்பு, நான்காவதிலும் ஐந்தாவதிலும் சோதனைக் குழாய்கள். நுண்ணோக்கி இருந்தது மூன்றாவது மேசையில் மட்டும். அங்கே ஒட்டியிருந்த கேள்வி இது: "நுண்ணோக்கியில் உற்றுநோக்கி, காண்பதை வரைந்து பாகங்களைக் குறிக்கவும்." காண்பதை என்ற சொல்லைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. அந்தப் பள்ளியில் மூன்றாவது மேசை என்றால் வெங்காயத் தோல். இது எழுதி வைத்த விதி அல்ல. அக்காவிடமிருந்து தங்கைக்கும், பெரிய வகுப்பிலிருந்து சின்ன வகுப்புக்கும் வாய்வழியாக வருவது. தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகள் படிப்பது செல்லைப் பற்றி அல்ல, மேசை வரிசையை. என் மகளிடமும் அவள் தோழி வந்து, "மூணு வெங்காயம், மறந்துடாதடி, குனிஞ்சு ரெண்டு செகண்ட் பாக்குற மாதிரி நடிச்சாப் போதும்" என்று என் வீட்டு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அப்போது சிரித்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

4. ஆண்டு முழுவதும் இந்தப் பிள்ளைகள் நுண்ணோக்கியின் அருகே போனது ஒரே ஒரு நாள். மற்ற நாட்களில் அது பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. அலமாரியின் மேல் 'தொடாதே' என்று ஒட்டியிருக்கிறது. அந்த ஒரு நாளிலும் வரிசையில் நிற்க வைத்து, ஆளுக்கு மூன்று எண்ணும் நேரம் கண்ணை வைக்கச் சொன்னார்கள். என் மகள், "சார், இருட்டா இருக்கு, ஒண்ணும் தெரியல" என்றாளாம். "புக்குல பாத்தேல்ல, அதேதான் உள்ளயும் இருக்கு. நகரு, அடுத்த ஆளு" என்றாராம் அறிவியல் ஆசிரியர். அவளுக்குப் பின்னால் நின்றவள், "எனக்கு என் கண்ணிமை மட்டும் நல்லாத் தெரியுது சார்" என்று சொல்ல, வகுப்பே சிரித்ததாம். அந்தப் பெண் சொன்னது கேலி அல்ல ஐயா. வெளிச்சம் வராத நுண்ணோக்கியில் பழக்கமில்லாதவர் கண்ணுக்குத் தெரிவது தன் இமைதான். அன்று அந்த வகுப்பில் சொல்லப்பட்ட ஒரே உண்மையான அவதானிப்பு அது.

5. வெளிச்சம் வராததற்குக் காரணம் எளிது. அடியில் உள்ள வட்டக் கண்ணாடி தரையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தூசு படியாமல் இருக்க ஆய்வக உதவியாளர் அதை அப்படித் திருப்பி வைப்பது வழக்கம். பிள்ளைகள் அவரைக் கண்ணாடி அண்ணன் என்பார்கள். மறுபடி ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்று அவர் என்னிடம் சொன்னார்.

6. தேர்வு அன்று நடந்ததை என் மகள் சொல்லக் கேட்டு எழுதுகிறேன். அன்றும் அது தரையைப் பார்த்தபடியே இருந்தது. வரிசை எண் ஒன்று முதல் இருபத்திரண்டு வரை அந்த இருட்டுக்குள் குனிந்து, நிமிர்ந்து, வெங்காயம் வரைந்தார்கள். இருபத்து மூன்றாவதாக என் மகள் வந்தாள். விடுமுறை நாட்களில் என் வேலையிடத்துக்கு வந்து பழகியவள். கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினாள், திருகைச் சரிசெய்தாள், பார்த்தாள். உள்ளே வெங்காயம் இல்லை. ஓரம் ஒழுங்கில்லாத, தட்டையான, நீலச் சாயம் ஏறிய செல்கள் சிதறிக் கிடந்தன. செல் சுவர் இல்லை. நடுவில் ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்கரு. அவை மனிதக் கன்னத்தின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுத்த செல்கள். ஏழு செல்கள் வரைந்தாள். இரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியவை, ஒன்று ஓரம் மடிந்தது. 'விலங்கு செல், கன்னத்தின் உட்புறமாக இருக்கலாம்' என்று எழுதினாள்.

7. அவள் விடைத்தாளில் சிவப்பு மையில் ஆசிரியர் எழுதியிருப்பது இது: "தவறான விடை, 0. அனுமதியின்றிக் கருவியைத் தொட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள், 8 குறைப்பு." மற்ற நான்கு மேசைகளில் அவள் பதினாறுக்குப் பதினாறு. எட்டுப் போக மீதி எட்டு. அடுத்த ஆண்டு இப்பள்ளியில் பத்தாம் வகுப்புக்கென உள்ள தனி அறிவியல் பிரிவில் சேரப் பன்னிரண்டு வேண்டும். குனிந்து நடித்துவிட்டு வெங்காயம் வரைந்திருந்தால் இருபது வாங்கியிருப்பாள்.

8. அதே மாதம் பதினொன்றாம் தேதி நான் பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியர் என்னை மரியாதையாகவே உட்கார வைத்தார். நாற்பத்தொரு விடைத்தாள்களையும் மேசைமேல் பரப்பினார். "பாருங்கம்மா, நாப்பத்தொரு பேரும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்காங்க. உங்க பொண்ணு ஒருத்திதான் வேற. அத்தனை பேருமா தப்பு?" என்றார். நான் பார்த்தேன். நாற்பத்தொரு தாளிலும் செங்கல் அடுக்கியதுபோல் பதினொரு செல்கள். பத்து இல்லை, பன்னிரண்டு இல்லை. நாற்பத்தொரு தாளிலும் இடமிருந்து நான்காவது செல்லுக்கு உட்கரு இல்லை.

9. அந்த உட்கரு இல்லாத நான்காவது செல்லை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே பள்ளியில், அதே ஆசிரியரிடம் படித்த என் அக்கா மகளின் ரெக்கார்ட் நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. அதிலும் பதினொன்று, அதிலும் நான்காவது காலி. விசாரித்தேன். அந்த ஆண்டு கரும்பலகையில் படம் போடும்போது ஆசிரியர் நான்காவது செல்லில் புள்ளி வைக்க மறந்துவிட்டாராம். அதற்குள் மணி அடித்துவிட்டதாம். அந்த வகுப்பின் நோட்டைப் பார்த்து அடுத்த வகுப்பு வரைந்தது. அதைப் பார்த்து அடுத்தது. ஓர் ஆசிரியர் ஒரு நாள் வைக்க மறந்த புள்ளி, ஆறு ஆண்டுகளாக அந்தப் பள்ளியில் அறிவியலாக இருக்கிறது. மறப்பது மனித இயல்பு; அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆறு ஆண்டுகளாகத் திருத்தித் தந்த நூற்றுக்கணக்கான நோட்டுகளில் ஒன்றையாவது அவர் பார்த்தாரா என்று கேட்கிறேன்.

10. ஸ்லைடைக் காட்டும்படி கேட்டேன். வழக்கமில்லை என்றார்கள். காட்டும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு அலமாரி திறந்தது. கண்ணாடியைத் திருப்பி, ஸ்லைடைச் சற்று நகர்த்தித் தேடினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு செல்களும், ஓரம் மடிந்த அந்த ஒரு செல்லும் என் மகள் வரைந்த இடத்தில், வரைந்தபடியே இருந்தன. எழுந்து ஆசிரியருக்கு இடம் விட்டேன். அவர் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சரிம்மா. ஆனா விடைக்குறிப்புல வெங்காயம்னுதானே இருக்கு" என்றார்.

11. வெங்காய ஸ்லைடு எங்கே போயிற்று என்பதைக் கண்ணாடி அண்ணன் சொன்னார். தேர்வுக்கு நான்கு நாள் முன்பு துடைக்கும்போது அவர் கையில் அது உடைந்துவிட்டது. மறைக்காமல் உடனே ஆசிரியரிடம் சென்று, "சார், வெங்காயம் உடைஞ்சு போச்சு. டப்பாவுல பேர் கிழிஞ்ச ஸ்லைடு ஒண்ணு இருக்கு, அதை வைக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். கிடைத்த பதில்: "வை, வை. யாரு பாக்கப் போறா?" எந்த அதிகாரியின் முன்னாலும் இதைச் சொல்லத் தயார் என்று அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆசிரியரும் இதை என்னிடம் மறுக்கவில்லை.

12. என் மகள் கண்ணாடியைத் திருப்பிய பிறகு வந்த பத்தொன்பது பேராவது பார்த்திருக்கலாமே என்று கேட்டேன். அவள் எழுந்ததும் தானே அதை மறுபடி தரைப் பக்கம் திருப்பிவிட்டதாக ஆசிரியர் சொன்னார். "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்ல?" என்றார். பதினேழு ஆண்டுகளில் பலவகைக் கிருமிகளைப் பார்த்துவிட்டேன் ஐயா. இருட்டைச் சரிசமமாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்கு நியாயம் என்று பெயர் வைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

13. தலைமையாசிரியை ஒரு வழி சொன்னார். "நீங்களும் லேப்லதானே வேலை பாக்குறீங்க, புரிஞ்சுக்கோங்கம்மா. நாப்பத்தொரு பேரோட மார்க்கைக் கலைக்க முடியுமா? பொண்ணு ஒரு கடிதம் எழுதிக் குடுக்கட்டும், எட்டைத் திருப்பிப் போட்டுடறோம்." கடிதத்தை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். "கருவியைச் சேதப்படுத்தும் வகையில் தொட்டதற்கும், காணாத ஒன்றைக் கற்பனையாக வரைந்ததற்கும் மன்னிப்புக் கோருகிறேன்" என்பது அதில் ஒரு வரி. கண்ட ஒரே பிள்ளையிடம், காணவில்லை என்று எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். கடிதத்தைக் கையெழுத்தில்லாமல் இத்துடன் இணைத்துள்ளேன்.

14. கையெழுத்துப் போட என் மகள் மறுக்கவில்லை. மறுத்தது நான். அவள், "போட்டுக் குடுத்துட்டா சேத்துக்குவாங்கன்னா போட்டுடறேம்மா. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்ல, அது போதும்" என்றாள். பதினான்கு வயதுப் பிள்ளை உண்மையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பொய்யைக் கையெழுத்திட்டுக் கொடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். இந்தப் பாடத்தை மட்டும் அந்தப் பள்ளி ஒழுங்காக நடத்தியிருக்கிறது.

15. அறிவியல் பிரிவுக்கான பட்டியல் இம்மாதம் இருபத்தெட்டாம் தேதி முடிவாகிறது. அதன் பிறகு எந்த உத்தரவு வந்தாலும் என் மகளுக்குப் பயன் இல்லை. ஆகவே அதற்குள் தாங்கள் செய்ய வேண்டியவை:

அ) மூன்றாவது மேசை விடையை, அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் பார்க்கும் ஒருவர் திருத்த வேண்டும். பார்க்காத யாரும் திருத்தக் கூடாது.

ஆ) குறைத்த எட்டு மதிப்பெண்ணை எந்தக் கடிதமும் இல்லாமல் திருப்பித் தர வேண்டும். கண்ணாடியைத் திருப்பாமல் நுண்ணோக்கியில் பார்க்க முடியாது. திருப்பியது குற்றம் என்றால் கேள்வியே குற்றம்.

இ) மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தொடக் கூடாது. தங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர்கள் செய்தார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும், வெளிச்சம் உள்ள நுண்ணோக்கியின் முன், அவசரப்படுத்தாமல் பத்து நிமிடம் தர வேண்டும். ஸ்லைடுகளை நானே விடுப்பு எடுத்து வந்து தயாரித்துத் தருகிறேன்.

ஈ) உண்மையைச் சொன்ன ஆய்வக உதவியாளர்மீது ஸ்லைடு உடைந்ததைக் காரணம் காட்டி நடவடிக்கை பாயக் கூடாது. இந்த விவகாரத்தில் தன் தவறைத் தானே போய்ச் சொன்ன பெரியவர் அவர் ஒருவர்தான்.

16. இந்த மனுவைச் சென்ற வாரமே எழுதி முடித்துவிட்டேன். நேற்று மாலை நடந்ததால் இந்தப் பத்தியைச் சேர்க்கிறேன். வீட்டுப்பாடமாக வெங்காயத் தோல் செல் வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் வெங்காயம் இருக்கிறது. என் வேலையிடத்தில் நுண்ணோக்கி இருக்கிறது. அழைத்துப் போகட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அளவுகோலை வைத்துக் கோடு போட்டுப் பதினொரு செல்கள் வரைந்தாள். பத்துக்கு உட்கரு வைத்தாள். நான்காவதைக் காலியாக விட்டாள். ஏன் என்று கேட்டதற்கு நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இதுதாம்மா சரியான விடை" என்றாள்.

அந்தப் பக்கத்தின் நகல் கடைசி இணைப்பாக உள்ளது. அதற்கு ஆசிரியர் இன்று காலை 'நன்று' என்று எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார்.

முடிவெடுக்கும் முன் தாங்கள் ஒருமுறை அந்த ஆய்வகத்துக்கு நேரில் வர வேண்டும். கோப்பைப் பார்க்க வேண்டாம், விடைக்குறிப்பைப் பார்க்க வேண்டாம். அடியில் உள்ள கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு, குனிந்து, உள்ளே பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். அதற்கு மேல் தங்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

தங்கள் பதிலை இருபத்தெட்டாம் தேதிக்குள் எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
வரிசை எண் 23 மாணவியின் தாய்

நாள்: பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை
இடம்: பள்ளியின் பின்வாசலுக்கு எதிர்த் தெரு

இணைப்புகள்:
1. மாணவியின் மூன்றாவது மேசை விடைத்தாள் நகல், ஆசிரியரின் குறிப்புடன்.
2. ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ரெக்கார்ட் நோட்டின் ஒரு பக்கம்.
3. பள்ளி எழுதித் தந்த மன்னிப்புக் கடிதம், கையொப்பம் இல்லாதது.
4. நேற்றைய வீட்டுப்பாடம்.