பார்ப்பவர் ஒருவர்

ஜூன் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. கனமான அகராதி ஒன்றின் பாதி அளவு. கறுப்பு நிறம். பின்பக்கம் ஐந்து துளைகள், முன்பக்கம் ஒரு சிறு விளக்கு. கேமராவின் படத்தையும் மைக்கின் ஒலியையும் உள்ளே வாங்கிச் சுருக்கி இணையத்துக்கு நேரலையாக அனுப்புமாம். என்கோடர் என்று பெயர். கையேடு நாற்பத்தாறு பக்கம். இரண்டு முறை படித்தேன். பதினெட்டாம் பக்கத்தில் ஒரு படம் தலைகீழாக அச்சாகியிருக்கிறது. முப்பத்து நான்கு வருடம் ரயில் கால அட்டவணைகளை அச்சுக்குப் போகுமுன் சரிபார்த்தவனுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். இயக்கத் தெரியுமா என்றால், தெரியாது.

பிறகு ஏன் ஒத்துக்கொண்டேன்? அண்ணன் கேட்டு மறுத்துப் பழக்கமில்லை. எழுபத்து நான்கு வயதில் புதிதாகப் பழகவா முடியும்.

ஜூன் 5, வியாழன்

நிலைமையை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். பின்னால் எனக்கே குழப்பம் வரும்.

அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி. ஜூலை 15 அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்கள். அதன்பின் மூச்சு கழுத்தில் ஒரு துளை வழியாக. பேச்சு கிடையாது. டாக்டர் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அண்ணன் கேட்டது ஒன்றுதான்: “அதுக்குள்ள எத்தனை சனிக்கிழமை இருக்கு?”

நூலகத்தின் மாடி ஹாலில் சனிக்கிழமைகளில் அண்ணன் கணிதம் பேசுவார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து வழக்கம். ஒன்பது பத்துப் பேர் வருவார்கள். இரண்டு பேர் தூங்குவார்கள். ஒத்திகைக்கு ஒரு வாரம் போக, ஐந்து சனிக்கிழமைகள். ஐந்தும் நேரலையாகப் போக வேண்டும் என்கிறார். யாருக்கு என்று கேட்டேன்.

“யாரு பாக்குறாங்கன்னு எனக்குத் தெரிய வேணாம். அனுப்ப வேண்டியவனுக்கு நீ அனுப்பு.”

அனுப்ப வேண்டியவன் அவர் மகன். ஏழு மாதத்தில் பிறந்ததால் ‘பின்னம்’ என்று அண்ணனே வைத்த பட்டப்பெயர். முழு எண் ஆகவில்லையாம். அண்ணன் சேர்த்துவிட்ட கணித ஆராய்ச்சியைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் வேறு வேலைக்குப் போனான். வீடு நிறைய உறவினர்கள் இருந்த ஒரு நாளில் அண்ணன் அவனை எல்லார் முன்னாலும் சொல்லக் கூடாததைச் சொன்னார். பதினோரு வருடம் ஆகிறது. இப்போது கடல் கடந்த ஊரில் இருக்கிறான். ஞாயிறுதோறும், அண்ணன் நடக்கப் போகும் நேரம் பார்த்து, அண்ணிக்குப் போன் செய்வான். அந்தப் பேச்சில் அப்பா வரமாட்டார். அது எழுதாத ஒப்பந்தம்.

அவனுக்கு மட்டும் திறக்கும் ஓர் இணைப்பை அனுப்பினேன். பதில்: “சரி சித்தப்பா.”

ஜூன் 7, சனி

ஒத்திகை. நூலகத்தில் மைக்செட்டைப் பார்த்துக்கொள்ளும் மைக்காரர் உதவினார். ஐம்பது வயது இருக்கும்; எதையும் பாதிக் கண்ணால்தான் பார்ப்பார்.

நேரலைக்கான இணைப்புச் சாவி, கடவுச்சொல் மாதிரி, இருபத்து நான்கு எழுத்து. பின்னாலிருந்து முன்னால் படித்துச் சரிபார்த்தேன். அச்சுப்பிழை அப்படித்தான் சிக்கும். “பெரியவரே, கல்வெட்டா படிக்கிறீங்க?” என்றார் மைக்காரர். பெட்டியை லேப்டாப்போடு இணைத்தால் அதன் அமைப்புப் பக்கம் திறக்கிறது. ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்று அதில் கேட்கிறது: கேமராவிலிருந்தா, ‘லைன்’ துளையிலிருந்தா? கேமரா மைக் விசிறிச் சத்தத்தைத்தான் பிடிக்கிறது. அதை அடைத்துவிட்டு, ஹால் மைக்கின் ஒலி போய்ச் சேரும் மிக்ஸரிலிருந்து ஒரு கம்பி இழுத்து லைனில் செருகினோம். ‘லைன்’ என்று மாற்றினேன். மைக்காரர் தெருவுக்கு இறங்கிப் போய்த் தன் போனில் பார்த்துவிட்டு வந்தார். நல்லா கேக்குது என்றார்.

ஒரே கோளாறு. நேரலை, லேப்டாப்புக்கு இருபது நொடி தாமதமாக வருகிறது. அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பழைய வாக்கியம் ஹாலில் ஒலித்தது. அண்ணன் நின்று காது கொடுத்துக் கேட்டார். “யாருடா அது, என்ன மாதிரியே உளர்றான்?”

லேப்டாப்பின் ஒலியை அடைத்தேன். நான் எழுதிவைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் பதினேழாம் வரி: லேப்டாப் ஒலி எப்போதும் அடைத்திருக்க வேண்டும். நான் மிக்ஸரில் ஹெட்போன் மாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

பெட்டியை அங்கேயே விட மனம் வரவில்லை. துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். “யாரு தூக்கிட்டுப் போகப் போறா இத” என்று மைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

ஜூன் 14, சனி

முதல் உரை. பகா எண்களுக்கு முடிவில்லை என்பது. ஒவ்வொரு கம்பியையும் மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். விளக்கு பச்சை. படம் தெளிவு. ஹெட்போனில் அண்ணன், கொஞ்சம் கரகரப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதைப் போல.

லேப்டாப்பின் மூலையில் ஒரு வரி: பார்ப்பவர்கள் 0. பதினோரு நிமிடம் அப்படியே இருந்தது. பிறகு 1.

கடைசி வரை 1.

அண்ணனோடு வீடு திரும்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, “ஓடுச்சா?” என்றார். ஓடியது, ஒருத்தர் பார்த்தார் என்றேன். “ம்.”

ஜூன் 21, சனி

1. தொடக்கத்திலிருந்தே.

ஜூன் 28, சனி

நடுவில் நான்கு நிமிடம் 0 ஆயிற்று. என் பிழையா, அவன் எழுந்து போனானா? பெட்டியைத் தொடவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம். திரும்ப 1 வந்தது. சட்டை நனைந்துவிட்டது.

ஜூலை 5, சனி

அண்ணனின் குரல் இறங்கிக்கொண்டே போகிறது. மைக்காரர் தானாகவே எழுந்து ஒலியைக் கூட்டினார். தூங்குகிற இருவரும் இன்று தூங்கவில்லை.

1.

ஜூலை 12, சனி

கடைசி உரை. முடிக்க வேண்டிய நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே கணக்கை முடித்துவிட்டார். சாக்பீஸை வைத்துவிட்டு, இந்த ஐந்து வாரத்தில் முதல் முறையாகக் கேமராவை நேராகப் பார்த்தார்.

“ஒரு நிரூபணத்துல ஒரு வரி தப்பாப் போச்சுன்னா, அதுக்குக் கீழ எழுதினதெல்லாம் செல்லாது. நான் ஒருத்தன் விஷயத்துல அந்த வரிய அழிக்காமலே பதினோரு வருஷம் எழுதிட்டே போயிட்டேன். தப்பு என் வரியில. அவன் வரியில இல்ல.”

ஹாலில் யாருக்கும் புரியவில்லை. ஏதோ உவமை என்று தலையாட்டினார்கள். நான் ஹெட்போனைக் கழற்றாமல் குனிந்துகொண்டேன்.

மூலையில் 1 என்று இருந்தது. இருந்தது. மூன்று முறை பார்த்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறரை மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

அண்ணனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் எழுதிய முதல் வார்த்தை: கூப்பிட்டானா?

அண்ணி கீழே மருந்து வாங்கப் போயிருந்தார். பின்னம் அம்மாவிடம் போனில் அறுவை சிகிச்சை பற்றி விசாரித்திருந்தான், அவ்வளவுதான். இன்னும் இல்லை அண்ணா என்றேன்.

கேட்டான்ல? என்று எழுதினார்.

“கேட்டான். கடைசி வரைக்கும் ஒருத்தர் இருந்தாங்க. நான் பாத்தேன்.”

அந்தத் தாளைக் கிழித்து மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 24, வியாழன்

அண்ணியை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, “தம்பி, அந்த வீடியோவ ஒரு தடவை போடுங்க. அவர் பேசினத ஒரு வார்த்தை கேட்டுட்டுப் படுத்துக்கறேன்” என்றார்.

ஐந்தும் அந்தப் பக்கத்திலேயே பதிவாகி நிற்கின்றன. நான் திறந்ததே இல்லை. குரல் போன பிறகு கேட்கவென்று எடுத்து வைத்திருந்தேன். போட்டேன். அண்ணன் வாயசைக்கிறார். ஒலி இல்லை. கூட்டினேன். இல்லை. அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லேப்டாப் ஸ்பீக்கர் போயிடுச்சு போல அண்ணி. சரி பண்ணிக் கொண்டுவரேன்.”

ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. அதைச் சொன்ன அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும்.

ஜூலை 25, வெள்ளி

ஐந்திலும் இல்லை. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பெட்டியை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்து அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். ஒலி: கேமரா. நான் ‘லைன்’ என்றுதானே மாற்றினேன்? மாற்றினேன். மறுபடி மாற்றிப் பார்த்தேன், பிடித்தது. மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். ஒலி: கேமரா.

கையேடு, பக்கம் முப்பத்தொன்று, கீழ்ப்பகுதியில் சிறிய எழுத்தில்: மாற்றிய பின் ‘சேமி’ என்பதை அழுத்தாவிட்டால் பெட்டி அணைந்ததும் பழைய அமைப்பே திரும்பும். இரண்டு முறை படித்த பக்கம். இணைப்புச் சாவிக்குச் சேமித்திருக்கிறேன். ஒலிக்கு இல்லை. பெட்டியை ஹாலிலேயே விட்டிருந்தால் அது அணைந்திருக்காது. பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வாராவாரம் பிடுங்கி, துண்டில் சுற்றி, குழந்தை மாதிரித் தூக்கி வந்தேன். ஹெட்போனில் நான் கேட்டது மிக்ஸரை. பெட்டியை அல்ல.

பட்டியலில் ‘ஒலி — லைன்’ என்பதற்கு எதிரே ஒத்திகை நாளன்று போட்ட டிக் இருக்கிறது. என் கையெழுத்தில்.

ஜூலை 26, சனி

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 28, திங்கள்

சொல்லாவிட்டால், மகன் கேட்டும் வாய் திறக்கவில்லை என்று அண்ணன் நினைத்துக்கொண்டே இருப்பார். சொன்னால், அவர் சொன்னது போய்ச் சேரவே இல்லை, இனிச் சொல்லவும் முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எது குறைந்த பாவம்? இதற்கு எவனிடம் போய்க் கேட்பது?

ஜூலை 30, புதன்

கடைசிப் பதிவின் கடைசி ஒன்றரை நிமிடத்தை நாற்பது தடவையாவது ஓடவிட்டிருப்பேன். 12ஆம் தேதிக் குறிப்பில் எழுதியதை வைத்துக்கொண்டு, அண்ணனின் உதட்டோடு ஒவ்வொரு வார்த்தையாக ஒப்பிட்டேன். ‘அவன் வரியில’ என்பதற்கு முன்னால் உதடு ஒருமுறை கூடுதலாக மூடித் திறக்கிறது. ஏதோ ஒரு வார்த்தை. எனக்கு நினைவில்லை. அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா? நான் அப்போது குனிந்துகொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லிவிட்டேன். அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள், கட்டிலில் சாய்ந்திருந்தார். எழுதிவைத்துப் படித்துப் போயிருந்தும் தலையும் வாலும் இல்லாமல் உளறினேன்.

எத்தனை? என்று எழுதினார்.

“அஞ்சும்.”

கடைசி?

“அதுவும்தான் அண்ணா.”

பேனாவின் மூடியைத் தேடி எடுத்துப் பொருத்தினார். நோட்டை மூடினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு காலத்தில் என்னைத் திட்டினால் தெருமுனை வரை கேட்கும். இன்று கழுத்துத் துளையில் மூச்சு போய் வரும் சத்தம் மட்டும்.

நான் அவர் சொன்னதை எழுதிய தாளை மேசைமேல் வைத்தேன். விட்டுப்போன வார்த்தைக்கு இடம் விட்டிருந்தேன். அண்ணி, “நீங்க போயிட்டு இன்னொரு நாள் வாங்க தம்பி” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பின்னத்துக்கு நானே போன் செய்தேன். பெட்டி, சேமிக்காத அமைப்பு, எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“சத்தம் வரலன்னு மொத வாரமே தெரியும் சித்தப்பா.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

“சொன்னா சரி பண்ணிடுவீங்களே.”

அவனே தொடர்ந்தான். “அந்தக் குரல் கேட்டா அஞ்சு நிமிஷம் தாங்க மாட்டேன், எழுந்து போயிடுவேன். சத்தம் இல்லாததாலதான் அஞ்சு வாரமும் உக்காந்து பாத்தேன். போர்டுல எழுதினத எல்லாம் காப்பி எடுத்து வெச்சிருக்கேன்.”

கடைசி உரையின் முடிவில் போர்டில் எழுதாத ஒன்றைச் சொன்னார் என்றேன். என்ன சொன்னார் என்று கேட்டான்.

எனக்கு அது மனப்பாடம். இருந்தும், அது நான் சொல்றதுக்கு இல்லப்பா என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நியாயமா, கோழைத்தனமா? ஒரு வார்த்தை குறைகிறது என்பதாலா? தெரியவில்லை.

அவன் கேட்டதை அண்ணிக்குச் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அண்ணி என் வீட்டுக்கே வந்து ஓர் உறையைக் கொடுத்தார். ஒட்டியிருந்தது. முகவரி அண்ணனின் கையெழுத்து. மூன்று நாள் எழுதினாராம். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு வந்தேன். உள்ளே நான் எழுதிய தாள் இருக்கிறதா, வேறா, அந்த இடத்தை நிரப்பினாரா, ஒன்றும் தெரியாது.

ஆகஸ்ட் 30, சனி

பின்னம் வியாழன் காலை வந்தான். முன்தலையில் முடியில்லை, அண்ணனின் நாற்பத்தைந்து வயது முகம். மூன்று நாளாக அண்ணன் அறையில் உட்கார்ந்திருக்கிறான். பேச்சு கிடையாது. இவர் நோட்டில் எழுதுகிறார், அவனும் வாயால் பதில் சொல்லாமல் அதே நோட்டில் அடியில் எழுதுகிறான். நான் உள்ளே போனதும் அண்ணன் நோட்டைக் கவிழ்த்து வைத்தார். என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அதுவே எனக்குப் போதும். கழுத்துக் கட்டு நனைந்திருந்தது. இன்னொரு அறுவை வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர்.

சாயங்காலம் என்னைத் தெருமுனை வரை கொண்டுவந்து விட்டான். பஸ் நிறுத்தத்தில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“கடைசில அவர் குரல் எப்படி இருந்துச்சு சித்தப்பா?”

“கொஞ்சம் கரகரன்னு. வாக்கியம் முடியறப்ப அமுங்கிடும்.”

“எப்படி? பேசிக் காட்டுங்களேன்.”

ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. தொண்டையை இறக்கிக்கொண்டு, அண்ணன் பேசுவதுபோல ஒரு வாக்கியம் பேசினேன். என் குரல்தான் வந்தது. இப்படி இல்லப்பா என்று சொல்லிவிட்டு இன்னொரு முறை முயன்றேன். அதுவும் இல்லை.

பஸ் வந்து, நின்று, போயிற்று. அவன் தலையைச் சாய்த்து, இன்னும் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.